சீழ் கட்டிய சிறுநீரகமும் அறுவை மருத்துவமும்

(யான் வட்டாரத் தோட்டத் தொழிலாளரிடையே தகவல் பிரிவு அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'யான்' என்னும் சொல்லுக்குச் செந்தமிழில் 'நான்' என்று பொருள். ஆசிரியர் பயிற்சியில் இலக்கணம் படித்த என் போன்றோர்க்கு, இவ்வூர்ப் பெயர்ப் பலகையைக் காணுந்தோறும் ஒரு புன்னகை தோன்றும். மற்றவர்களுக்கு இது ஜெராய் மலையடிவாரத்து ஊர். நமக்கோ தன்மை ஒருமை. அவரவர் உடம்பைப் பற்றிய செய்தி ஒன்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

நான் மருத்துவன் அல்லேன். மருத்துவர் கூறுவதையும் மருத்துவ நூல்கள் கூறுவதையும் நம் மொழியில் எடுத்துச் சொல்வதே என் பணி. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நாட்பட்ட சிறுநீரகக் கிருமித் தொற்றினால் அரிதாக விளையும் கேடுகளும் அவற்றுக்குரிய அறுவை மருத்துவமும் ஆகும். அரிதாக வரும் நோயைப் பற்றி இத்தனை பேரைக் கூட்டிவைத்துப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. இந்நோயால் மடிவோருள் சிலரை மடிவிப்பது நோய் மட்டும் அன்று. அச்சமும் சேர்ந்தே அவர்களை மடிவிக்கிறது. "ஒரு கிட்னியை எடுத்துவிட வேண்டும்" என்று மருத்துவர் சொன்ன மாத்திரத்தில், கையொப்பமிட மறுத்து, 'சொந்தப் பொறுப்பில் போகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவோர் நம்மிடையே உண்டு. ஒரு சிறுநீரகம் போனால் பாதி மனிதன் என்னும் எண்ணம் நம் லயங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதைத் தக்க சான்றுகளுடன் இன்று எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

நம் பாட்டிமார் குண்டிக்காய் என்று சொன்ன உறுப்பே சிறுநீரகம். முதுகுப்புறத்தில், கடைசி விலா எலும்புகளின் அடியில், வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக அமைந்திருக்கிறது. நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 150 கிராம். இரண்டிற்கும் சேர்த்து நிமிடந்தோறும் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் பாய்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்தெடுத்து, அதில் தேவையானதை எல்லாம் மீண்டும் இரத்தத்திற்கே திருப்பித் தந்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இத்துணைப் பெரிய வேலையை ஒசையின்றிச் செய்கிற உறுப்பு ஆதலால், அது கெடும்போதும் பல வேளைகளில் ஓசையின்றியே கெடுகிறது.

கிருமி பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறுகிறது. முதலில் சிறுநீர்ப்பையைத் தாக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் கடுப்பும் தோன்றும். நாம் என்ன செய்கிறோம்? "சூடு பிடித்துக்கொண்டது" என்கிறோம். இளநீர் குடிக்கிறோம், பார்லித் தண்ணீர் குடிக்கிறோம். நீர் பருகுவதில் தவறில்லை, நல்லதே. ஆனால் காய்ச்சலும் நடுக்கமும் முதுகின் ஒரு பக்கத்தில் வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அது சூடு அன்று. கிருமி சிறுநீரகத்திற்கே ஏறிவிட்டது என்று பொருள். அந்நிலையில் இளநீரை நம்பியிருத்தல் கூடாது.

தாய்மார்களுக்கு இத்தொல்லை மிகுதி. அவர்களுடைய சிறுநீர்ப் புறவழி குறுகியது; கிருமி எளிதில் ஏறிவிடும். அதனோடு நம் தொழிலின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, நிரையில் இறங்கிப் பால்மரம் வெட்டி, பால் எடுத்து முடியும்வரை பல பெண்கள் ஒரு மிடறு தண்ணீரும் அருந்துவதில்லை. அருந்தினால் சிறுநீர் கழிக்க வேண்டிவரும். காட்டில் அதற்கு மறைவிடம் இல்லை. இது பெண்களின் குறையன்று. வெளிக்காட்டில் பெண்களுக்கென ஒரு மறைவிடம் அமைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமும் அன்று. நிர்வாகத்தினரும் தொழிற்சங்கத்தினரும் இங்கே அமர்ந்திருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஒருமுறை வந்த தொற்று முறையாக மருந்துண்டால் தீர்ந்துபோகும். மீண்டும் மீண்டும் வருமானால், உள்ளே அதற்கு ஓர் இருப்பிடம் அமைந்துவிட்டது என்று ஐயுற வேண்டும். அந்த இருப்பிடம் பெரும்பாலும் கல்.

கல் எப்படி உண்டாகிறது என்பதை உங்களுக்கு விளக்குவது எளிது. பால் கொட்டகையில் வேலை செய்வோர் அமோனியாவின் காட்டத்தை அறிவர். மரத்துப்பால் உறையாமலிருக்க அதைக் கலக்கிறோம். சிறுநீரில் குடியேறும் கிருமிகளுள் ஒருவகை, அங்குள்ள யூரியாவைச் சிதைத்து அதே அமோனியாவை உண்டாக்குகிறது. ஆனால் அங்கே விளைவு நேர்மாறு. பாலை உறையாமல் காக்கும் அமோனியா, சிறுநீரின் தன்மையை மாற்றி, அதிலுள்ள உப்புகளைக் கல்லாகப் படிய வைத்துவிடுகிறது. இவ்வாறு வளரும் கல், சிறுநீரகத்தின் உட்குழிகள் அனைத்திலும் கிளை விட்டு மான்கொம்பு போல் நிற்கும். கல்லுக்குள்ளே கிருமி பதுங்கியிருக்கிறது. மருந்து இரத்தத்தின் வழியே வரும், கல்லுக்குள் நுழையாது. ஆகவே மருந்துண்ணும்போது நோய் அடங்கும், நிறுத்தியதும் தலையெடுக்கும். கல்லை அகற்றும்வரை இத்தொற்று முற்றும் ஒழியாது.

இந்த நிலையில் ஆண்டுகள் பல கழிந்தால் என்னென்ன நேரக்கூடும் என்பதை இனிப் பார்ப்போம்.

முதலாவது கேட்டிற்கு 'சாந்தோகிரானுலோமட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ்' என்று பெயர். இதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டா. தேர்வு வைக்கப் போவதில்லை. மஞ்சள் கட்டிச் சிறுநீரக அழற்சி என்று நமக்குள் சொல்லிக்கொள்ளலாம். 1916-இல் ஷிலாகன்ஹாஃபர் என்னும் மருத்துவர் இதனை முதன்முதலில் விவரித்தார். கல்லினால் அடைபட்டுச் சீழ் கொண்ட சிறுநீரகத்தில், உடலின் காவல் அணுக்கள் கிருமியோடும் அழிந்த தசையோடும் ஓயாது போராடி, கொழுப்பை விழுங்கி விழுங்கி உப்பிப் போகின்றன. நாளடைவில் சிறுநீரகத் தசை மறைந்து, அவ்விடத்தில் மஞ்சள் நிறமான கட்டி மட்டும் எஞ்சுகிறது. நடுத்தர வயதுப் பெண்களிடையே இது கூடுதலாகக் காணப்படுகிறது. அறிகுறிகளோ மங்கலானவை: விட்டுவிட்டு வரும் இளங்காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை, இரத்தச் சோகை, விலாவின் கீழ் ஒரு கனம். மெலிந்துகொண்டே போகும் ஒருத்தியைக் கண்டு 'கவலை தின்கிறது' என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்வர். தின்பது கவலையாக இராமல் சீழாகவும் இருக்கலாம்.

இக்கட்டி, படத்தில் பார்க்கும்போது புற்றுநோய் போலவே தோற்றமளிக்கும். தேர்ந்த மருத்துவர்களே மயங்குவர். வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்னரே பல வேளைகளில் உண்மை வெளிப்படும். அவ்வாறு எடுக்கப்பட்டபின் 'இது புற்று அன்று' என்று அறிக்கை வந்தால், "வீணாக அறுத்துவிட்டார்களே" என்று வருந்துவோர் உண்டு. வீண் அன்று. அந்தச் சிறுநீரகம் பெரும்பாலும் அதற்கு முன்பே வேலை செய்வதை நிறுத்திவிட்டிருக்கும். உடம்பினுள் ஒரு சீழ்ப் பையாகவே அது இருந்துவந்தது.

இரண்டாவது கேடு, புரைவழி. ஆசனவாயில் வரும் பவுத்திரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீழ் தனக்கு ஒரு வழி தேடிக்கொள்ளும் என்பது அதன் உட்பொருள். சிறுநீரகச் சீழும் அவ்வாறே வழி தேடும். முதலில் சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பில் தேங்கும். பின் முதுகுத் தசைக்குள் இறங்கும். அப்போது நோயாளியால் தொடையை நீட்ட இயலாது, நொண்டி நடப்பார். இடுப்பு வாயு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்போம். சிலருக்கு விலாப்புறத்துத் தோலில் உடைந்து, ஆறாத புண்ணாக ஒழுகும். மிக அரிதாகப் பெருங்குடலுக்குள் உடைப்பெடுக்கும். அதனினும் அரிதாக உதரவிதானத்தைத் துளைத்து நுரையீரலுக்கே ஏறிவிடும். நோயாளி இருமுவார், வெளிவருவதோ சிறுநீரகத்துச் சீழ். இருமலுக்கு மருந்து கொடுத்தால் அது எப்படி நிற்கும்?

இதுபற்றி ஒரு பழைய வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் ஆங்கிலத் தூதராக இருந்தவர் ஹாப்சன். சிறுநீரகக் கல்லினால் பொறுக்கவொண்ணாத வேதனையுற்ற அவர், பாதுவா நகரில் மார்க்கெட்டி என்னும் அறுவை மருத்துவரை நாடி, அறுத்தெடுக்குமாறு மன்றாடினார். மயக்க மருந்து இல்லாத காலம். முதல்நாள் அறுக்கத் தொடங்கியபோது குருதிப் பெருக்கு மிகுந்ததால் நிறுத்திவிட்டு, மறுநாள் தொடர்ந்து சிறு கற்களை எடுத்தார். வலி தணிந்தது, ஆனால் விலாவில் புரைவழி நின்றுவிட்டது. அதன் வழியே நீர் கசிந்துகொண்டிருந்தது. பின்னொரு நாள், புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியார் உள்ளே ஏதோ கடினமாகத் தட்டுப்படுவதை உணர்ந்து, தலைமுடிக்குரிய ஊசியால் நெம்பி எடுத்தார். பேரீச்சங்கொட்டை அளவில் ஒரு கல் வெளிவந்தது! அறுவை மருத்துவர் விட்டுவைத்ததை அந்த அம்மையார் முடித்துவைத்தார். கல் உள்ளே இருக்கும்வரை புரைவழி எளிதில் ஆறாது என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வரலாறு காட்டுகிறது. இன்றும் மருத்துவர்கள் புரைவழியை மட்டும் தைத்து மூடுவதில்லை; அதன் மூலத்தை அகற்றுகின்றனர்.

மூன்றாவது கேடு, முன் இரண்டையும் போல் ஆண்டுக்கணக்கில் நகர்வதன்று. சில நாள்களில், சில வேளை சில மணி நேரத்தில், உயிரை வாங்கிவிடக் கூடியது. சிறுநீரகத்தில் வாயு உண்டாகும் அழற்சி அது. 1898-இல் அமெரிக்காவில் கெல்லி, மெக்கல்லம் என்னும் இருவர் இதனை முதலில் எழுதினர். நீரிழிவு உடையோரிடம் இது மிகுதி. 2000-ஆம் ஆண்டில் தைவான் நாட்டு மருத்துவர்கள் 48 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களுள் 46 பேர் நீரிழிவு உடையவர்கள். இரத்தத்திலும் சிறுநீரகத்திலும் மிகுந்திருக்கும் சர்க்கரையைக் கிருமி தின்று நொதிக்கச் செய்கிறது. தோசை மாவு பொங்குவது போல உள்ளே வாயு கிளம்புகிறது. தசை அழுகுகிறது. நீரிழிவு நம் சமூகத்தில் எந்த அளவுக்குப் பரவியுள்ளது என்பதை இங்குள்ளோர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லயத்தில் எத்தனை வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

முன்பெல்லாம் இந்நோய் கண்டால் உடனே சிறுநீரகத்தை வெட்டி எடுப்பதே விதி. நினைவிழந்த நிலையில், இரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவரை அறுவைக் கூடத்துக்குக் கொண்டு செல்வது எத்துணை ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். இன்று வழி மாறியுள்ளது. தமிழகத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பெயர் பெற்றது. நம் நாட்டிலிருந்தும் அங்கே சென்று வந்தோர் உண்டு. அங்குள்ள சிறுநீரியல் அறுவை மருத்துவர்கள், இந்நோயாளிகளுக்கு எடுத்த எடுப்பில் கத்தி வைக்காமல் காப்பாற்றிய தங்கள் அனுபவத்தை 2008-இல் மருத்துவ இதழில் வெளியிட்டனர். நரம்பு வழியே வலுவான மருந்து செலுத்தி, சர்க்கரையை அடக்கி, முதுகின் வழியே மெல்லிய குழாய் செருகிச் சீழையும் வாயுவையும் வடிப்பது அந்த முறை. தேறாதவர்களுக்கு மட்டுமே பின்னர் அறுவை. கத்தி எடுக்கும் தொழிலைக் கற்றவர்களே கத்தியைப் பின்னுக்கு வைத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அறுவை மருத்துவர் என்றால் அறுப்பதற்கே காத்திருப்பவர் என்று எண்ணுவோர்க்கு இதனைச் சொல்கிறேன்.

இனி நம் கெடா மாநிலத்திற்கே உரிய செய்தி ஒன்று. இங்கே மலையடிவாரத்தில் ரப்பரும் கடலோரத்தில் நெல்லும் விளைகின்றன. சேறும் ஈரமண்ணும் நமக்குப் புதியவை அல்ல. அம்மண்ணில் வாழும் ஒரு கிருமி, காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாகவோ மூச்சின் வழியாகவோ உட்புகுந்து நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், ஆண்களுக்கு விந்துச்சுரப்பி ஆகியவற்றில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். மெலியோய்டோசிஸ் என்பது அந்நோயின் பெயர். 1912-இல் ரங்கூன் மருத்துவமனையிலிருந்து இதனை உலகுக்கு அறிவித்தோர் இருவர்: விட்மோர் என்னும் ஆங்கிலேயரும், அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமி என்னும் உதவி மருத்துவரும். நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர் சூட்டியவர்களோ நம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்டன், ஃபிளெச்சர் ஆகியோர், ஆண்டு 1921.

அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை உறுதி செய்யப்பட்ட 145 நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்துபோயினர். எல்லாருக்கும் சிறுநீரகத்தில் சீழ் கட்டியது என்று நான் கூறவில்லை. ஆயினும் காரணம் தெரியாத காய்ச்சலோடு சிறுநீரகத்தில் கட்டி காணப்படும் ஒருவர் நம் வட்டாரத்தவராக இருந்தால், மருத்துவர் இக்கிருமியையும் தேடுவார். இதற்குச் சில வாரங்கள் நரம்பு வழி மருந்தும், அதன்பின் மூன்று மாதமேனும் மாத்திரையும் தேவை. பெருங்கட்டிகளை வடித்துவிடவும் வேண்டும். ஊசி போட்டுக் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால், அடங்கிய நோய் திரும்பி வரும். 2021 ஆகஸ்டு மாதம் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யான் பகுதியில் உயிர்ச்சேதம் விளைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய சேற்றை வாரும் வேளையிலாவது, நீரிழிவு உடையோர் ரப்பர் பூட்ஸ் அணியாமல் இறங்கக் கூடாது. பூட்ஸுக்குரிய ரப்பரை விளைவிக்கிற நாமே வெறுங்காலுடன் சேற்றில் நிற்பது சற்று வேடிக்கைதான்.

காசநோயும் சிறுநீரகத்தில் இறங்கும். நுரையீரலில் வந்து ஆறியபின் பல ஆண்டு கழித்து, சத்தமின்றிச் சிறுநீரகத்தை அரித்துச் சுண்ணாம்புக் கட்டியாக்கிவிடும். சிறுநீரில் சீழ் இருக்கும். வழக்கமான சோதனையில் கிருமி முளைக்காது. இதற்கு முதலில் மாதக்கணக்கில் மருந்து. அறுவை பின்னர், தேவைப்பட்டால் மட்டுமே.

இப்பொழுது அறுவை மருத்துவத்திற்கு வருவோம்.

முதற்படி வடித்தல். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் தேங்கி, காய்ச்சலும் நடுக்கமும் கண்டால், அது இரவா பகலா என்று பாராமல் வடிக்க வேண்டிய அவசர நிலை. ஒலியலைப் படக் கருவியின் துணையுடன் முதுகுப்புறத்தில் மரப்பு மருந்து போட்டு, ஊசி செலுத்தி, அதன் வழியே குழாய் பொருத்துவர். 1955-இல் அமெரிக்க மருத்துவர் குட்வின் என்பாரும் அவர் தோழர்களும் இம்முறையை எழுதி வெளியிட்டனர். வெளியே ஒரு பை தொங்கும். அதில் சீழும் சிறுநீரும் இறங்கும். பால்மரத்தில் வெட்டுக்காயத்தின் கீழே தகரத்தைச் சொருகி மங்கில் பால் இறக்குவது போன்றதே. பையைக் கண்டு அருவருப்பதோ, 'இனி ஆயுள் முழுதும் இப்படியோ' என்று கலங்குவதோ வேண்டா. பெரும்பாலும் அது தற்காலிக ஏற்பாடு. சில வேளைகளில் வடித்தபின் சிறுநீரகம் உயிர்பெற்றுத் தன் வேலையைத் தொடங்கிவிடும். அப்போது கல்லை மட்டும் முதுகில் சிறு துளையிட்டு உடைத்தெடுப்பர்.

அடுத்த படி, சிறுநீரகத்தின் தொழிலை அளத்தல். கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு நரம்பில் செலுத்தி, வலம் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது, இடம் எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டுவிடலாம். கெட்டது ஏறத்தாழ வேலையற்றுப் போயிருந்து, மற்றது நலமாக இருந்தால், கெட்டதை அகற்றுவதால் உடம்பு இழப்பது மிகச் சிறிது. சீழிலிருந்து விடுபடுவதால் பெறுவது பெரிது.

ஒரு சிறுநீரகத்தோடு மனிதன் வாழ இயலுமா என்னும் ஐயம் நமக்கு மட்டும் எழுந்ததன்று. ஒரு காலத்தில் உலகத்து மருத்துவர் அனைவருக்குமே இருந்தது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்துக் குஸ்தாவ் சைமன் என்னும் அறுவை மருத்துவர் அதனைத் தீர்த்துவைத்தார். சிறுநீர் நாளத்தில் புரைவழி ஏற்பட்டு, ஓயாத ஒழுக்கினால் துன்புற்ற பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். பல முறை தைத்தும் பயனில்லை. அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டால் ஒழுக்கு நிற்கும். ஆனால் அவள் பிழைப்பாளா? சைமன் அவசரப்படவில்லை. முதலில் நாய்களுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுத்துப் பார்த்தார். அவை நலமாக வாழ்ந்தன. பிணங்களில் அறுத்துப் பழகினார். பின்னரே 1869 ஆகஸ்டு 2ஆம் நாள் அப்பெண்ணுக்கு அறுவை செய்தார். அவள் பிழைத்தாள். திட்டமிட்டுச் சிறுநீரகத்தை அகற்றிய முதல் வெற்றி அதுவே. நம் நாட்டில் 1975-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் முதல் சிறுநீரக மாற்று அறுவை நடைபெற்றது. அதன் பின் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் தம் சிறுநீரகம் ஒன்றை ஈந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர் பலர். அவர்களை யாரும் பாதி மனிதர் என்று சொல்வதில்லையே.

எனினும், மஞ்சள் கட்டிச் சிறுநீரகத்தை அகற்றுவது எளிய அறுவை என்று கூறி உங்களை ஏமாற்ற மாட்டேன். சீழ் நாட்பட்டதால் அது குடலோடும் தசையோடும் பெருங்குருதி நாளங்களோடும் ஒட்டிப்போயிருக்கும். சிறுதுளை வழியே கருவி செலுத்திச் செய்யத் தொடங்கி, பின் விலாப்புறத்தில் நீளமாகத் திறந்து செய்ய நேர்வதும் உண்டு. பிரிக்கவே இயலாதபோது, ரம்புத்தான் தோலை விட்டுவிட்டு உள்ளிருக்கும் சுளையை மட்டும் எடுப்பது போல், மேலுறையை அங்கேயே விட்டு உட்பகுதியை எடுப்பர். குடலில் புரைவழி இருந்தால் அப்பகுதியையும் சீர்செய்வர். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். ஆகவேதான், நோய் முற்றுமுன் வந்தால் மருத்துவருக்கும் எளிது, நமக்கும் எளிது.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். மற்றைச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது? முதலில் வடித்துப் பார்க்க இயலுமா? அறுவைக்குப் பின் எத்தனை நாள் தங்க வேண்டும்? மொழி தடையானால், அங்குள்ள தமிழ்த் தாதியரையோ உடன்வந்த பிள்ளைகளையோ விளக்கச் சொல்லுங்கள். மேற்சோதனைக்கு யான் மருத்துவமனையிலிருந்து அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைக்கோ சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கோ கடிதம் கொடுத்தால், அந்தக் கடிதத்தைச் சாமி மேடையில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அதில் குறித்த நாளில் செல்லுங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோர்க்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்புப் பெற 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வழிசெய்கிறது. சம்பளம் போய்விடும் என்று நோயை ஒளித்து வைக்க வேண்டிய தேவை இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்லை எடுத்தபின், சிறுநீர் நாளம் அடைபடாதிருக்க, உள்ளே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்து அனுப்புவர். வெளியே தெரியாது, சிலருக்கு வலியும் பெரிதாக இராது. அதனால் பலர் மறந்துவிடுகின்றனர். அதைச் சில வாரங்களிலோ மாதங்களிலோ எடுத்துவிட வேண்டும். மறந்தால் அதன்மேலேயே கல் படிந்து, எடுக்க முடியாதபடி இறுகி, மீண்டும் முதலிலிருந்து தொல்லை தொடங்கும். எடுக்க வேண்டிய தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். பிள்ளைகள் இத்தகைய பொறுப்பைப் பெரியவர்களைவிட நன்றாக நிறைவேற்றுவர். இது ஆசிரியப் பயிற்சியில் நான் கண்ட உண்மை.

உரையைத் தொடங்குமுன் சில தோழர்கள் என்னிடம் கேட்ட வினாக்களுக்கும் விடை கூறிவிடுகிறேன். "ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவர் எதைத் தவிர்க்க வேண்டும்?" என்று ஒரு தாயார் கேட்டார். கடையில் விற்கும் வலி மாத்திரைகளையும், பதிவு பெறாத நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் தவிர்க்க வேண்டும். மூட்டுவலிக்கென்று தாமாக வாங்கி விழுங்கும் மாத்திரைகள் எஞ்சிய சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக் கூடும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி வைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் இரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும். உணவில் பெரிய கட்டுப்பாடு பொதுவாகத் தேவையில்லை. எஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பருத்து, போனதன் வேலையில் ஒரு பகுதியையும் தானே ஏற்றுக்கொள்ளும்.

"மீண்டும் மரம் வெட்ட முடியுமா?" என்று கேட்டார் மற்றொருவர். முடியும். திறந்து செய்த அறுவையானால் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பாரம் தூக்கக் கூடாது; விலாத் தசை நன்கு கூட வேண்டும். மருத்துவர் இசைவு தந்தபின் முதலில் வெட்டுக்கத்தியைப் பிடிக்கலாம். காண்டாக் கம்பில் இரு வாளிப் பாலைத் தோளில் ஏற்றுவதைச் சில காலம் கழித்தே தொடங்க வேண்டும். அதுவரை பால் சுமக்காத வேலை கொடுக்குமாறு மருத்துவரின் சான்றுக் கடிதத்தை மண்டோரிடம் காட்டுங்கள்.